மூத்தாள் இருந்த வீடு

வேலையில் இருந்த காலத்தில் நர்சம்மாவுக்குச் செத்தவர்களைக் கண்டு பயம் இருந்ததில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குத் தன் கையாலேயே கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவாள். "செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்கடி, உயிரோட இருக்கிறவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்குச் சொல்வாள். அப்படிப்பட்டவள், அறுபதைத் தாண்டிய வயதில், கடல் கடந்து போன ஊரில், ஒரு ஜோடிச் செருப்பைக் கண்டு பயந்தாள்.

அவள் புருஷன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். இருவருக்கும் அடுத்தடுத்து ஓய்வு வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் வேலை கிடைத்த ஊரோடு தங்கிவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து பார்த்தார்கள். சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் ஞாயிறுதோறும் போகும் சபையில் கேட்டார்கள். நம் மொழி பேசும் ஜனங்கள் பிழைக்கப் போயிருக்கிற ஓர் ஊரில் சின்னதாக ஒரு சபை இருக்கிறது. அங்கே இரண்டு வருஷம் ஊழியம் செய்ய வயதில் மூத்த தம்பதி வேண்டும். பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. நோயாளிகளைப் பார்ப்பது, தனியாகக் கிடப்பவர்களுக்குக் கூடமாட இருப்பது, அவ்வளவுதான்.

"கம்பத்துல ஏறினவனை மேடையில ஏத்தாம இருந்தா சரி" என்று லைன்மேன் ஒப்புக்கொண்டார்.

அந்த ஊர்ப் போதகர் அவர்கள் மகனைவிட இளையவர். விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்து, துணி தேய்க்கிற கடை ஒன்றின் பக்கத்திலிருந்த குறுகலான படிக்கட்டு வழியாக மூன்றாவது மாடிக்கு ஏற்றினார். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் இருமினால்கூடச் சுவரெல்லாம் சேர்ந்து இருமியது. மேலே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. சாமான் செட்டோடு இருந்த வீடு. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பக்கத்தில் பழைய ரேடியோ, சமையலறைப் பலகையில் மூடிபோட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் முத்து முத்தான கையெழுத்தில் ஒட்டிய பெயர். கதவுக்குப் பின்னால் ஒரு குடை. குடைக்குக் கீழே அந்தச் செருப்பு, பெண்பிள்ளைச் செருப்பு, குதிகால் தேய்ந்தது.

"இது யாரோடது?" என்று நர்சம்மா கேட்டாள்.

"முன்னாடி இருந்த ஊழியக்காரம்மாவோடதும்மா. பாட்டுக்காரம்மான்னு சொல்வோம். அவங்க கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாங்க. ஐயாவைப் பிள்ளைங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் எதையும் எடுத்துட்டுப் போகல. எங்களுக்கும் தூக்கிப்போட மனசு வரல."

"எங்க இறந்தாங்க?"

அது ஆஸ்பத்திரிப் பழக்கம். எங்கே, எப்போது, எதனால் என்று கேட்காமல் அவளால் ஒரு சாவைக் கடக்க முடியாது. போதகர் சாவியைக் கையில் உருட்டினார். "இந்த ஊர்லதாம்மா" என்றார். அதோடு பேச்சை மாற்றித் தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினார்.

வந்த வாரமே அவர்களுடைய நாள் ஒரு வழிக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் வேத வாசிப்பு, ஜெபம். லைன்மேனின் ஜெபம் கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மாதிரி இருக்கும். பிறகு தேநீரும் ரொட்டியும். பிறகு அவர் திருப்புளி, டெஸ்டர், டேப் எல்லாம் அடங்கிய தோல்பையை இடுப்பில் கட்டிக்கொள்வார். அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியையும் கட்டுத்துணியையும் பையில் வைத்துக்கொள்வாள். தொழிற்சாலைப் பக்கம் ஆண்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் பலபேர் கிடப்பார்கள். அவள் புண்ணுக்குக் கட்டுப்போடுவாள். அவர் எரியாத விளக்கை எரியவைப்பார். "அம்மா உடம்புக்கு ஃபியூஸ் போடுறாங்க, ஐயா வீட்டுக்குப் போடுறார்" என்று பையன்கள் சிரிப்பார்கள். அங்கிருந்து பொது ஆஸ்பத்திரி வார்டு. மத்தியானத்துக்கு மேல் முதியோர் இல்லம். வெள்ளிக்கிழமை மாலை சபையில் பெண்களுக்கான பாடல் பயிற்சி.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். எங்கே போனாலும் அவளுக்கு முன்பே அந்த அம்மா அங்கே போயிருந்தாள்.

"பாட்டுக்காரம்மா இருந்தப்போ முதல்ல ஒரு பாட்டு பாடிட்டுதான் கட்டே போடுவாங்க." "பாட்டுக்காரம்மா எங்க எல்லாருக்கும் பொறந்த நாள் ஞாபகம் வெச்சிருப்பாங்க." "நீங்க சிரிக்கிறது அந்தம்மா மாதிரியே இருக்கு." நர்சம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம், "நான் இந்தச் சபைக்கு இரண்டாந்தாரமா வாக்கப்பட்டிருக்கேங்க" என்பாள். "மூத்தாள் செத்துட்டா தெய்வம். அவகூடப் போட்டி போட எந்த இளையாளால முடியும்?"

அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது. பாடல் பயிற்சியில் வாயை மட்டும் அசைப்பாள்.

முதியோர் இல்லத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். இளவயதில் கப்பலில் வந்து அந்த ஊரில் கடைபோட்டுக் கிழவராகிப்போனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நினைவு அவருக்குக் கந்தலாகிவிட்டது. தன் பெயர் மறந்துபோகும், பொத்தானுக்குக் காஜா எடுப்பது மட்டும் விரலுக்கு மறக்கவில்லை, ஊசி நூல் இல்லாமலே போர்வையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே இருப்பார். முதல் நாள் நர்சம்மா அறைக்குள் நுழைந்ததும் அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது.

"பாட்டுக்காரம்மா, வந்துட்டியா? ஏன் இத்தனை நாளா வரல?"

"நான் அவங்க இல்லீங்க ஐயா. அவங்க இறந்துட்டாங்க" என்றாள் நர்சம்மா.

தையல்காரர் அவளையே பார்த்தார். பிறகு வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த வாரம் போனாள். "பாட்டுக்காரம்மா, வந்துட்டியா?" என்று அதே மலர்ச்சி. உண்மையைச் சொன்னாள். அதே அழுகை, அப்போதுதான் செய்தி கேட்டவர் போல. மூன்றாவது தடவை அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு மனுஷனை வாராவாரம் துக்கவீட்டுக்கு இழுத்துப்போக நாம் யார் என்று தோன்றியது.

"வந்துட்டேன் ஐயா" என்றாள்.

"அப்ப பாடு."

அந்தம்மா அவருக்கு வழக்கமாகப் பாடும் பாட்டு எது என்று அவளுக்குத் தெரியும். சபையில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். வார்த்தை தெரிந்த அளவுக்கு ராகம் தெரியாது. கரகரத்த குரலில் முணுமுணுத்தாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு போர்வையைத் தைத்தார்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அது ஆரம்பித்தது. அது என்று எதைச் சொல்வது? ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் உருளவில்லை, கதவு அடித்துக்கொள்ளவில்லை. சமையலறையில் நிற்கும்போது, பார்க்காமலே கை சரியான டப்பாவுக்குப் போனது. அந்த வரிசை அவள் வைத்த வரிசை அல்ல. ஜன்னல் துணியை எப்போது இழுத்துவிட வேண்டும் என்று வெயில் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. மழை பெய்த ஒரு நாள் தன் செருப்பு நனைந்திருக்கிறதே என்று, கடைக்குப் போக அந்தச் செருப்பை மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அது பரவாயில்லை. தேய்ந்த குதிகாலும் அவளுடைய நடைக்கே தேய்ந்ததுபோல் இருந்தது. பாதிப் படியிலேயே கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு மேலே ஓடிவந்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றார் லைன்மேன்.

"ஒண்ணுமில்ல. வழுக்குது."

கீழே துணி தேய்க்கிற பெண், அக்கம்பக்கத்துச் செய்திக்கெல்லாம் அவள்தான் அஞ்சல் பெட்டி, துணி கொடுக்க ஏறி வருகையில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நடப்பதை நர்சம்மா கவனித்திருந்தாள். ஒரு நாள் நிறுத்திக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் அந்தப் பெண். குரலைத் தாழ்த்தினாள். "இங்கதான் பாட்டுக்காரம்மா விழுந்தாங்க. காய்கறிப் பையோட. ரெண்டாம் மாடிக்காரர் வேலைக்குக் கெளம்பும்போதுதான் பார்த்தார். எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நெஞ்சடைப்புன்னு சொன்னாங்க. ஐயா மேலதான் இருந்தார். பாவம், ஒண்ணுமே தெரியல அவருக்கு."

அன்றிலிருந்து நர்சம்மா அந்தத் திருப்பத்துக்கு வரும்போது நிற்பாள். நின்று, "என்னங்க" என்று கூப்பிடுவாள். மேலே கதவு திறந்து புருஷன் தலை தெரிகிற வரைக்கும் அடுத்த படியில் கால் வைக்க மாட்டாள். "பையைத் தூக்க முடியல" என்று ஒரு சாக்குச் சொல்வாள். பையில் சில நாள் ஒரு கட்டுக் கீரைகூட இருக்காது.

ஒரு மத்தியானம் லைன்மேன் சபை மண்டபத்தில் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளிக்கதவில் சாவி போடும் சத்தம் கேட்டது. புருஷனிடம் சாவி இல்லை. ஒரே சாவிதான், அது அவள் இடுப்பில் இருந்தது.

பூட்டு திறந்தது. செருப்பைக் கழற்றி இடதுபக்கம் ஒதுக்குகிற சத்தம். தள்ளாடும் காலடி. ஜன்னலோர நாற்காலி முனகியது. பிறகு ஒரு கிழவரின் குரல், நிதானமாக, தினமும் பேசுகிற பேச்சு மாதிரி:

"மழை வரும்போல இருக்கு. துணியெல்லாம் எடுத்துட்டியா?"

அவள் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. உள்ளுக்குள் ஒரு பதில் இருந்தது. எடுத்துட்டேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அதுதான் அவளை உலுக்கிவிட்டது. வெளியே வந்து பார்த்தாள்.

நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் பழைய... நான்தான் இங்க... சாவியைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன். கதவைப் பார்த்ததும் கை தானா திறந்துடுச்சு. வெங்காயம் நறுக்கிற சத்தம் வேற கேட்டுது..."

நர்சம்மாவுக்குப் புரிந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாடி பிடித்துப் பார்த்தாள்.

அவர் ஒரு காலத்தில் போஸ்ட்மாஸ்டர். பிள்ளைகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அங்கே எந்த அறையிலும் அவள் இருந்ததில்லை என்றார். சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். சபையில் யாருக்கும் தெரியாது.

"நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. என்னோட பேச வேணாம். கொஞ்ச நேரம் இங்க உக்காந்துட்டுப் போயிடறேன்."

அவள் மறுபடியும் சமையலறைக்குப் போய் வெங்காயத்தை நறுக்கினாள். தேவைக்கு மேலேயே நறுக்கினாள். கூடத்தில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்தால் அவர் தலை லேசாகத் திரும்பியது. பாத்திரத்தை வைத்தால் மூச்சு விட்டார். தன் சத்தத்தை எல்லாம் ஒருவர் வேறொருத்தியின் சத்தமாக வாங்கிக்கொள்கிறார் என்பது அவள் முதுகில் ஈரத்துணி போட்டது போல் இருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

சாயங்காலமே புருஷனிடம் சொன்னாள். "பாவம்" என்றார் லைன்மேன். போஸ்ட்மாஸ்டர் மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். நான்கைந்து வருகைக்குப் பிறகு லைன்மேனின் "பாவம்" சுருங்கிவிட்டது.

"நம்ம வீட்டுல நாமளே விருந்தாளி மாதிரி இருக்கு. அவர் உக்காந்தா எனக்கு நாற்காலி இல்ல. பூட்டை மாத்திடட்டுமா?"

"வேணாங்க."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நான் ஒருத்தியோட குடித்தனம் பண்றேனா, ரெண்டு பேரோடயா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

ஒரு நாள் போஸ்ட்மாஸ்டர் தானாகவே பேச ஆரம்பித்தார். லைன்மேனும் அங்கே இருந்தார், தரையில் உட்கார்ந்து இஸ்திரிப்பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு.

"நர்சம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இதை என் பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லல. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க. கேட்டுச்சு."

லைன்மேனின் கை நின்றது.

"அவ எப்பவும் படியேறும்போது பாடிக்கிட்டேதான் வருவா. இந்தப் படிக்கட்டுல குரல் எதிரொலிக்கும், அது அவளுக்குப் பிடிக்கும். அன்னிக்கும் குரல் கேட்டுச்சு. இழுத்து இழுத்து, ஒரே இடத்துல நின்னு. ஞாயித்துக்கெழமைக்குப் புதுப் பாட்டு பழகறான்னு நெனச்சேன். ரேடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு. ரேடியோவைக் குறைச்சு வெச்சேம்மா. குறைச்சு வெச்சுட்டு, இந்த நாற்காலியில சாஞ்சு, ரசிச்சுக் கேட்டேன்." பக்கத்திலிருந்த ரேடியோவை விரலால் தொட்டார். "என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. அப்பவே நான் போயிருந்தா பொழைச்சிருப்பாளா? நீங்க எத்தனையோ பார்த்தவங்க. சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் நர்சம்மாவுக்கு மனப்பாடம். வார்டுக்கு வெளியே நின்று எத்தனையோ புருஷர்களுக்கும் தாய்மார்களுக்கும் அவள் சொன்னதுதான். நீங்க என்ன பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது, உங்க மேல தப்பே இல்ல. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். சமையலறை வாசலில் யாரோ நின்று தன் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"தெரியலீங்க ஐயா" என்றாள் கடைசியில். "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். நெஞ்சடைப்புன்னா பக்கத்துல டாக்டரே இருந்தாலும் சில சமயம் முடியாது. ஆனா நீங்க போயிருந்தா, கையைப் பிடிச்சிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய கல் என்று தெரிந்தது. லைன்மேன் அவளை முறைத்தார். போஸ்ட்மாஸ்டர் மெல்லத் தலையாட்டினார். "ஒரு நொடியில போயிட்டான்னு எல்லாரும் பொய்தான் சொன்னாங்க. நல்ல மனசுலதான்" என்று சொல்லி எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கூடத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது, லைன்மேன்கூட அதில் உட்காரவில்லை. நர்சம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று புலம்பினாள். லைன்மேன் தோல்பையைக்கூட எடுக்காமல் கிளம்பிப் பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள விடுதிகளில் ஏறி இறங்கினார். ஒரு விடுதியில், ஆள் இருக்கிறார், ஆனால் காலையிலேயே எங்கோ போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருகிறார் என்றார்கள். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும்தான் அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று முதியோர் இல்லத்தில் தையல்காரரின் அறைக் கதவைத் தள்ளினால், கட்டில் பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"பாரு, நான் சொன்னேன்ல?" என்று தையல்காரர் உற்சாகமாகப் போர்வையை ஒதுக்கினார். "ஒழுங்கா வாராவாரம் வருவான்னு. நீ என்னமோ செத்துட்டா செத்துட்டான்னு அழுதியே. இதோ வந்துட்டா உன் பெண்டாட்டி!"

நர்சம்மாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போஸ்ட்மாஸ்டர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வா" என்றார். "வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தையல்காரர் பாடச் சொன்னார். பாடினாள். புருஷனை இழந்தவளுக்கு முன்னால் புருஷனாக நடித்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம். பெண்டாட்டியை இழந்தவர் முன்னால், அவர் கையெட்டும் தூரத்தில், அவளாக உட்கார்ந்து அவள் பாட்டைப் பாடுவது என்ன பாவம், என்ன புண்ணியம் என்று அவளுக்குத் தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும், "மன்னிச்சிடுங்க" என்றாள். "முதல்ல உண்மையைத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாட்டியும் புதுசா அழுதார். அதான்..."

அவர் தாழ்வாரத்துப் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, "உங்களுக்குப் பாட்டு சரியா வரல" என்றார். "ரெண்டாவது அடியில நீங்க இறங்கிடறீங்க. அவ அங்க மேல போவா."

"எனக்குப் பாடவே வராதுங்க ஐயா."

"நான் சொல்லித் தர்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியான வேளையில், அந்தக் கூடத்தில், போஸ்ட்மாஸ்டர் நாற்காலியின் கையில் தாளம் தட்டுவார். அவள் சமையலறை வாசற்படியில் நின்று பாடுவாள். "இல்ல, இன்னும் மேல", "இங்க மூச்சு விடக்கூடாது, அவ விட மாட்டா." கொஞ்சம் கொஞ்சமாக அது வந்தது. வர வர நர்சம்மாவுக்குக் கிலி பிடித்தது. ஒரு நாள் இரண்டாவது அடியில் அவள் குரல் தவறாமல் மேலே ஏறியது. அந்தக் குரல் தன்னுடையது அல்ல என்று அவளுக்கே தோன்றியது. போஸ்ட்மாஸ்டர் தாளத்தை நிறுத்திவிட்டார். "போதும்மா" என்றார். "இதுக்கு மேல வேணாம்."

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று வழக்கம்போல் "என்னங்க" என்று கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். சுவர்தான் திருப்பிச் சொன்னது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்தலையும் துண்டுமாக லைன்மேன் இறங்கி ஓடிவந்தார்.

"குளிச்சிக்கிட்டிருந்தேன். என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"நீங்க வரலன்னா..." என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு, டப்பா, பாட்டு, தினமும் பொய்ச்சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தது, எல்லாம். துணி தேய்க்கிற பெண் கீழே வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லைன்மேன் பொறுமையாகக் கேட்டார்.

"கீரைக்கட்டைத் தூக்க முடியலன்னு நீ கூப்பிட்டப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றார். "நான் கம்பத்துல ஏறும்போது நீ ஜெபம் பண்ணுவேல்ல? அது மாதிரி நீ படியேறும்போது எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் அவர் வாசற்கதவைச் சாத்துவதே இல்லை. அந்த நேரத்தில் ஜன்னலோரப் பழைய ரேடியோவைப் போடுவதையும் விட்டுவிட்டார்.

குளிர் ஆரம்பித்தபோது தையல்காரருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. பார்த்தவுடனேயே நர்சம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இல்லத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கூடவே இருந்தாள். போஸ்ட்மாஸ்டரும் வந்துவிட்டார். மூன்றாம் நாள் பகல், வெளிச்சம் கட்டிலில் விழுந்துகொண்டிருக்கும்போது, தையல்காரர் கண் விழித்தார். விரல்கள் போர்வையில் அசையவில்லை. கண் தெளிந்திருந்தது, கழுவிவிட்ட மாதிரி. நர்சம்மா வழக்கம்போலக் குனிந்து, "நான் வந்திருக்கேன் ஐயா, பாடட்டுமா?" என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ பாட்டுக்காரம்மா இல்லையே" என்றார். "நீ யாரும்மா?"

அவளுக்குப் பதில் வரவில்லை. அது சும்மா திகைப்பு அல்ல. தன் பெயரைத் தேடினாள், உள்ளே இருட்டறையில் கைவிட்டுத் துழாவுவதுபோல. அந்த ஊரில் அவள் யாராக இருந்தாள்? கிழவர் காத்திருந்தார்.

"இவங்க நர்சம்மா" என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். "லைன்மேன் சம்சாரம். உங்களைப் பார்த்துக்கத்தான் இவ்வளவு நாளா வர்றாங்க. என் வீட்டுக்காரி போயிட்டா ஐயா. போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"அப்படியா" என்றார் தையல்காரர். அழவில்லை. "நல்லவ" என்றார். நர்சம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பாடச் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டார். அவள்தான் கண்ணை மூடிவிட்டாள். ஆனால் இந்தத் தடவை கையைக் கழுவிக்கொண்டு தேநீர் குடிக்கப் போக முடியவில்லை. நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடக்கத்துக்குச் சபையில் இருந்த எல்லோரும் வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் வந்து சண்டை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இல்லத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். கண் தெரியாதவர்களுக்குப் பேப்பர் படித்துச் சொல்வது அவர் வேலையாயிற்று. வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரோடும் பேசிவிட்டுப் போவார். அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். சமையலறைச் சத்தம் கேட்கும்போது மட்டும் பேச்சு ஒரு கணம் தடைப்படும்.

இரண்டு வருஷம் முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று போதகர் கேட்டார். லைன்மேன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்றாள். கோபமும் இல்லை, களைப்பும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் இருந்தால் யாராகத் திரும்பிப்போவோம் என்று தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்த வாரம் மகள் வந்திருந்தாள். நர்சம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் கொல்லை வாசலில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம், "அம்மாவுக்கு எப்பப்பா பாட்டு வர ஆரம்பிச்சுது?" என்றாள். "ஒரு இடத்துல என்னமா மேல போறாங்க!"

லைன்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்க ஒருத்தங்ககிட்ட கத்துக்கிட்டா" என்றார். "அவகிட்ட கேட்டா நிறுத்திடுவா. நீ கேக்காதே."